கல் தோன்றி மண் தோன்றாத தீவு

விமானம் ஹவாயின் கோனாவில் இறங்குவதற்குச் சற்று முன்பு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமா என் தொடையில் தட்டினார். "டேய், எவனோ தார் கொட்டி வெச்சிருக்கான் பாரு. கண்ணுக்கு எட்டுன வரைக்கும்."

எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் நீலக்கடல். மறுபக்கம் உழுது போட்ட வயலை அப்படியே உறைய வைத்த மாதிரி ஒரு கறுப்பு நிலம். மரம் இல்லை. அங்கங்கே காய்ந்த புல் கொத்துகள். நடுவில் ஓடுதளம்.

1801இல் ஹுவலாலாய் என்ற எரிமலையிலிருந்து வழிந்து கடலுக்குள் இறங்கிய குழம்பு அது. விமான நிலையத்தை அதன் மேலேயே கட்டி 1970இல் திறந்தார்கள். பாறையைச் சமப்படுத்த 13 மாதங்களில் 1,300 டன்னுக்கு மேல் வெடிமருந்து போனதாம் என்று சொன்னேன். மாமாவுக்கு அந்த நொடியே ஊர் பிடித்துவிட்டது. கிருஷ்ணகிரி பக்கம் முப்பத்தைந்து வருடமாக கிரானைட் பட்டறை நடத்துகிறவர். வெடி, கல், தூசி மூன்றும் இருந்தால் அவருக்கு அது சொந்த ஊர்.

ஆனால் கீழே இறங்கி, கூரை பாதி திறந்தவெளி பாதியாக இருக்கும் அந்த நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது அவர் கேட்ட கேள்வி வேறு. "இரநூத்திச் சொச்சம் வருஷம் ஆச்சுங்கற. இன்னும் ஒரு கூடை மண்ணு சேரலையே?"

"கல் தோன்றி மண் தோன்றாக் காலம்" என்று நம் மேடைகளில் முழங்கிக் கேட்டே வளர்ந்தவன் நான். தமிழனின் வயதைச் சொல்லக் கூட்டத்தில் கைதட்டு வாங்கும் வரி. அதற்கு மேல் அதை யோசித்ததில்லை. கல் முதலில் வருகிறது, மண் பிறகு வருகிறது என்றால், நடுவில் எவ்வளவு காலம்? யார் வந்து மண்ணாக்குகிறார்கள்? அந்தக் காலம் எப்படி இருக்கும்? அதைக் காலால் மிதித்துப் பார்க்கக்கூடிய ஓர் ஊர் உண்டென்றால் அது இந்தத் தீவுதான். ஹவாய் மாநிலத்துக்கே பெயர் கொடுத்த, அங்குள்ளவர்கள் 'பெரிய தீவு' என்று சொல்லும் ஹவாய்த் தீவு.

நாங்கள் இங்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். முந்தின இரண்டு நாளும் இதே மாநிலத்தின் கவாயி தீவில் இருந்தோம். மாமா அமெரிக்கா வர ஒப்புக்கொண்டதே அங்குள்ள இறைவன் கோயிலைப் பார்க்கத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று: கவாயியின் மண் செக்கச்சிவந்த மண். மழையில் நனைந்த பாதையில் நடந்ததில் மாமாவின் வெள்ளை வேட்டியில் முழங்கால் வரை கறை. ஹோட்டல் சோப்பு, டிஷ் வாஷ் திரவம் எதற்கும் அசையவில்லை. மாமாவிடம் இருந்தது இரண்டே வேட்டி. அதனால் செம்மண் கறையோடு கறுப்புக் கல்லில் வந்து இறங்கியிருந்தார்.

இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவே இருப்பது ஐம்பது லட்சம் ஆண்டு.

எரிமலைகள் பெரும்பாலும் பூமித் தட்டுகளின் விளிம்பில்தான் வரிசை கட்டி நிற்கும். ஹவாய் அப்படியல்ல, பசிபிக் தட்டின் நட்ட நடுவில், எந்தக் கண்டத்திலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கனடாக்காரரான புவி விஞ்ஞானி டூசோ வில்சன் 1963இல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். ஆழத்தில் ஒரு சூடான இடம் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கிறது, அதன் மேல் கடல்தளம் நகர்கிறது. தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி நின்ற இடத்திலேயே குத்துகிறது, துணி நகர்கிறது, தையல் நீள்கிறது. ஒவ்வொரு தையலும் ஒரு தீவு. முக்கியமான புவியியல் இதழ் ஒன்று அவர் கட்டுரையை வேண்டாம் என்று திருப்பிவிட, அது ஓர் இயற்பியல் இதழில்தான் வந்தது. இன்று பள்ளிப் பாடம்.

துணி நகரும் வேகம் ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர், வடமேற்காக. நாலைந்து விரற்கடை. கவாயிக்கு ஏறக்குறைய 50 லட்சம் வயது. அடுத்து ஓவாஹு, பிறகு மாவி, கடைசியாக இந்தப் பெரிய தீவு. இதன் மேற்பரப்பில் பத்து லட்சம் ஆண்டைத் தாண்டிய பாறை கிடையாது. கவாயிக்கு அந்தப் பக்கமும் தையல் போகிறது. மிட்வே, குரே என்ற பவளத் திட்டுகள் வரை தண்ணீருக்கு மேல் தெரியும், அதன் பிறகு முழுக்கக் கடலுக்கடியில் மலை மலையாக. 6,000 கிலோமீட்டர் நீளம், 80க்கும் மேற்பட்ட எரிமலைகள். நடுவில் ஓரிடத்தில் வரிசை முழங்கை மடக்கியது போல வடக்கே திரும்புகிறது. அந்த மடக்குக்கு வயது 4 கோடியே 70 லட்சம் ஆண்டு. வட நுனி ரஷ்யாவின் கம்சட்கா அருகே ஆழ்கடல் அகழியில் போய் முட்டுகிறது. அங்குள்ளவை 8 கோடி ஆண்டு பழையவை.

கீழே அடுப்பு எரிகிறதா என்று மாமா கேட்டார். அடுப்பு என்று சொல்ல முடியாது. ஆழத்தில் அந்தப் பாறை எப்போதுமே உருகும் அளவுக்குச் சூடுதான். மேலிருந்து அழுத்தும் பாரம்தான் அதை உருகவிடாமல் வைத்திருக்கிறது. மெல்ல மேலே ஏறி வரவர அழுத்தம் குறைகிறது, கொஞ்சம் கொஞ்சமாக உருகுகிறது. குக்கரில் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர் வெயிட்டைத் தூக்கியதும் குபுகுபுவென்று கொதிக்கிறதே, அந்தக் கணக்கு. புதிதாக யாரும் தீ வைக்கவில்லை.

இதையெல்லாம் விஞ்ஞானம் எழுதுவதற்கு முன்பே ஹவாய் மக்கள் வரிசையைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். நெருப்புத் தெய்வம் பெலே கடல் தெய்வமான தன் அக்காவோடு பகைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். முதலில் கவாயிப் பக்கம் கோலால் குழி தோண்டுகிறாள். கடல் புகுந்து அணைத்துவிடுகிறது. ஓவாஹுவில் தோண்டுகிறாள், மாவியில் தோண்டுகிறாள், எங்கும் அக்கா விடவில்லை. கடைசியாக இந்தத் தீவின் கிலாவேயா எரிமலை உச்சியில், ஹலேமாஉமாஉ குழியில் குடியேறுகிறாள். இன்றும் அங்கேதான். எந்தத் தீவில் நெருப்பு முதலில் அணைந்தது, எதில் கடைசியாக என்ற வரிசை அப்படியே இந்தக் கதையில் இருக்கிறது. 1840இல் அமெரிக்கக் கப்பல் பயணத்தில் வந்த புவியியலாளர் ஜேம்ஸ் டானா, பள்ளத்தாக்குகள் எவ்வளவு அரித்திருக்கின்றன என்பதைப் பார்த்து இதே வரிசையை ஊகித்தார். கதை சொன்னவர்களும் அதே பள்ளத்தாக்குகளைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கண் எல்லோருக்கும் ஒன்றுதானே.

அடுத்த நாள் தீவின் குறுக்கே ஹீலோவுக்குக் காரில் போனோம். தீவின் பரப்பு 10,430 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய இரண்டு கிருஷ்ணகிரி மாவட்டம். மற்ற எல்லா ஹவாய்த் தீவுகளையும் சேர்த்தாலும் இதைவிடச் சிறிசு. ஐந்து எரிமலைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உண்டான தீவு: கோஹாலா, மௌனா கேயா, ஹுவலாலாய், மௌனா லோவா, கிலாவேயா.

சாலை மௌனா கேயாவுக்கும் மௌனா லோவாவுக்கும் நடுவே போகிறது. "மௌனா லோவா எங்கடா?" என்றார் மாமா. "அதோ, எதிர்ல." "எதிர்ல மேடுதான் இருக்கு. மலை எங்க?" அவரைக் குறை சொல்ல முடியாது. குழம்பு இளகியது, தோசை மாவு மாதிரி ஓடிப் பரவுகிறது. குவிந்து கோபுரமாக நிற்பதில்லை. கவிழ்த்து வைத்த கேடயம் போல அடிவானம் முழுக்கப் படர்ந்து கிடக்கும் அந்த மேட்டின் உயரம் 4,169 மீட்டர். கடலுக்கடியில் இன்னும் 5 கிலோமீட்டர் இறங்குகிறது. அதன் பாரத்தில் கடல்தளமே கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் அமுங்கிப்போயிருக்கிறது. இமயத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எண்ணைப் படித்துத்தான் மலைக்க வேண்டியிருந்தது.

2022 நவம்பர் 27இல், 38 ஆண்டு உறங்கிவிட்டு, மௌனா லோவா வெடித்தது. காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று 1958 முதல் அளந்துவரும் ஆய்வகம் அதன் சரிவில்தான் இருக்கிறது. அதற்குப் போகும் சாலையைக் குழம்பு அறுத்துக்கொண்டு போனது. நாங்கள் போன நெடுஞ்சாலைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்றுவிட்டது.

மௌனா கேயாவில் ஏற முடியவில்லை. மாமாவுக்கு ரத்த அழுத்தம், 2,800 மீட்டரில் இருக்கும் பார்வையாளர் நிலையத்திலேயே மூச்சு வாங்கினார். அங்கே உட்கார்ந்து நான் சொன்ன ஒரு விஷயம் அவரை எழுந்து நிற்க வைத்தது. இன்னும் ஓர் ஆயிரம் மீட்டர் மேலே, 3,700 மீட்டர் வாக்கில், ஒரு குவாரி இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூறு ஆண்டுக்கு முன்பிருந்தே ஹவாய் மக்கள் அங்கே கோடரிக் கல் எடுத்திருக்கிறார்கள். பனியுகத்தில் இந்த மலை உச்சியில் பனிப்பாளம் இருந்தது. அந்தப் பனிக்கடியில் குழம்பு பொங்கியபோது சட்டென்று ஆறி, ஓட்டையே இல்லாத கெட்டிக் கல்லாகிவிட்டது. இரும்பு இல்லாத ஊரில் மரம் வெட்ட, படகு குடைய அந்தக் கல்தான். பாதி செதுக்கிக் கைவிட்ட கோடரிகளும் சில்லுகளும் இன்றும் குவியல் குவியலாக அங்கே கிடக்கின்றன.

"வேஸ்ட் கல்லு," என்றார் மாமா, மிகுந்த மரியாதையோடு. "நல்ல குவாரின்னா வேஸ்ட்டுதான் நெறைய இருக்கும். நம்ம பட்டறைக்குப் பின்னாடி பாத்திருக்கியே." மேகத்துக்குள் மறைந்திருந்த உச்சிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் கிலாவேயா. 2024 டிசம்பர் 23இல் தொடங்கி, ஹலேமாஉமாஉவில் நெருப்பு ஊற்று விட்டுவிட்டுப் பொங்கிக்கொண்டிருந்த காலம். சில மணி நேரம் பொங்கும், நாள்கணக்கில் ஓயும், மறுபடி பொங்கும். சில தடவை 300 மீட்டருக்கு மேல் பீய்ச்சியது. 2025இல் நாங்கள் போய்ச் சேர்ந்தது இரண்டு பொங்கலுக்கு நடுவே. கறுத்த குழி, இரண்டு இடத்தில் வெள்ளைப் புகை, கந்தக நெடி, ஏமாந்த முகத்தோடு நூறு பேர். மாமா பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கரன்ட் போன கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு," என்றார்.

ஆனால் அங்கே ஒன்று கிடைத்தது. வண்டி நிறுத்துமிடத்தின் சிமென்ட் விளிம்பில், காற்று கூட்டி ஒதுக்கிய மாதிரி, பொன்னிறத்தில் நார் நாராக ஏதோ கிடந்தது. காய்ந்த வைக்கோல் தூசு என்றுதான் நினைப்போம். மாமா ஒரு கொத்தை எடுத்து விரலிடையில் உருட்டிவிட்டார். "ஸ்ஸ்..." என்று கையை உதறினார். கண்ணாடி. நெருப்பு ஊற்று பீய்ச்சும்போது தெறிக்கும் துளிகள் காற்றில் இழுபட்டு, நூலாகி, ஆறிவிடுகின்றன. பெலேயின் முடி என்பார்கள். நுனியில் சில சமயம் கறுப்பாக ஒரு மணி ஒட்டியிருக்கும், அது பெலேயின் கண்ணீர். போன் டார்ச் வெளிச்சத்தில் அவர் விரலிலிருந்து நாலு சிலும்பு எடுத்தேன். முடியைவிட மெல்லியது, வளைத்தால் வளைகிறது, அழுத்தினால் பொடிகிறது. அதன் வயது, அதிகபட்சம், சில வாரம்.

என் வாழ்க்கையில் கையில் தொட்ட கற்களிலேயே இளையது அதுதான். மாமா பட்டறையில் அறுபடும் கறுப்புக் கல் அதற்கு நேர் எதிர்முனை. கடையில் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலானது கிரானைட்டே கிடையாது, டோலரைட். ஹவாயில் வழிகிற மாதிரியான குழம்பு மேலே வராமல், பாறை வெடிப்புக்குள்ளேயே சிக்கி, நிதானமாக ஆறினால் அது. மெதுவாக ஆறியதால் மணிகள் பெரிதாக வளர்ந்து இறுகியிருக்கும், அதனால்தான் கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏறுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓடும் அந்தக் கருங்கல் தாரைகள் பலவற்றுக்கு 200 கோடி ஆண்டுக்கு மேல் வயது. நம் வீட்டுச் சமையல் மேடையில் கிடப்பது ஒரு பழைய எரிமலையின் தொண்டைக்குழியாக இருக்கலாம். அன்றைக்கு அந்த மேட்டுக்கு மேலே எரிமலை இருந்ததோ இல்லையோ, அதையெல்லாம் மழையும் காலமும் எப்போதோ சீவித் தள்ளிவிட்டன.

மாமா இதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். மதியம் கடற்கரை ஊரான கலபானாவில் 1990ஆம் ஆண்டுக் குழம்பின் மேல் நடந்தபோது, ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்து, "இதுவும் நம்ம கறுப்பும் ஒரே ஜாதியா? இது முழுக்க ஓட்டைடா. ஸ்லாப்பும் வராது, ஜல்லிக்கும் தாங்காது," என்றார். ஓட்டைகள் எல்லாம் வாயு வெளியேறிய தடம். சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைக்கிற மாதிரி, மேலே வந்ததும் வாயு நுரைத்துக் கிளம்பிவிடுகிறது. எடுத்த இடத்திலேயே கல்லை வைக்கச் சொன்னேன். இங்கிருந்து கல் எடுத்துப் போனால் பெலே விடமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. ஊருக்கு எடுத்துப்போனவர்கள் பயந்து பார்சலில் திருப்பி அனுப்புகிறார்கள், தேசியப் பூங்காவுக்கு அந்தப் பார்சல்கள் வந்தபடி இருக்கின்றன. அது பழைய ஹவாய் நம்பிக்கையே கிடையாது, பிற்காலத்தில் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. மாமா விவாதிக்கவில்லை, கல்லை வைத்துவிட்டார்.

குழம்பு ஆறினால் இரண்டு வகை. ஒன்று பஹோயிஹோய், வழவழப்பாக, கயிறு சுருட்டியது போல. பால் ஆறும்போது ஆடை படிந்து, பாத்திரத்தைச் சாய்த்தால் ஆடை சுருங்கி மடியுமே, அதேதான். மேலே தோல் இறுக, அடியில் ஓட்டம் நிற்காமல் அதை இழுத்துச் சுருக்குகிறது. மற்றது 'ஆஆ'. சூளைக் கிட்டத்தை மலையாகக் கொட்டியது போல முள்ளும் முனையுமாக. செருப்புக் காலோடு நடந்தால் அந்தப் பெயரைத்தான் கத்துவோம். இரண்டும் ஒரே குழம்பு. ஓடும் வேகமும், வாயு எவ்வளவு போயிற்று, எவ்வளவு ஆறிப் பிசுபிசுத்தது என்பதும்தான் எது எதுவாகும் என்று தீர்மானிக்கிறது. 1880களில் அமெரிக்கப் புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டன் இந்த இரண்டு ஹவாய்ச் சொற்களையும் அப்படியே எடுத்துப் புவியியலில் போட்டுவிட்டார். இன்று ஐஸ்லாந்திலும் இத்தாலியிலும் எரிமலைக்காரர்கள் ஹவாய் மொழியில்தான் பேசுகிறார்கள்.

2018இல் நடந்ததை அங்கே யாரும் பழைய கதையாகப் பேசுவதில்லை. கிலாவேயாவின் கிழக்குப் பிளவில் 1983 ஜனவரி 3இல் தொடங்கிய ஒரு பொங்கல் 35 ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. கலபானாவை மூடியதும் அதுதான். 2018 ஏப்ரல் 30இல் அந்த வாய் இடிந்து உள்வாங்கியது. மே 3இல் குழம்பு நிலத்துக்கடியில் இருபது கிலோமீட்டர் வாக்கில் கிழக்கே போய், லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பில், ஆட்கள் நடக்கிற தார்ச்சாலையைப் பிளந்துகொண்டு வந்தது. மறுநாள் 6.9 அளவில் நிலநடுக்கம். மொத்தம் 24 பிளவுகள். எட்டாவது பிளவு மட்டும் ஓயாமல் ஓர் ஆறாக ஓடிக் கடல் சேர்ந்தது. 700க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. 35 சதுர கிலோமீட்டர் நிலம் மூடியது, கடலில் மூன்றரை சதுர கிலோமீட்டர் புதுநிலம் உண்டானது. கபோஹோ விரிகுடா இருந்த இடமே தெரியாமல் நிரம்பியது. பக்கத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்த பச்சை ஏரி சில மணி நேரத்தில் ஆவியாய்ப் போயிற்று.

அதே சமயம் மலை உச்சியில், அடியிலிருந்த குழம்பு வடிந்துவிட்டதால், குழி படிப்படியாக உள்ளே விழுந்தது. ஆகஸ்ட் தொடக்கம் வரை 62 தடவை. ஹலேமாஉமாஉ 500 மீட்டர் ஆழமானது. பிறகு யாரும் எதிர்பாராதது: 2019 ஜூலையில் அந்தக் குழியின் அடியில் தண்ணீர். நிலத்தடி நீர் கசிந்து, மெல்ல உயர்ந்து, 50 மீட்டர் ஆழ ஏரியாகிவிட்டது. 2020 டிசம்பர் 20 இரவு குழம்பு திரும்பி வந்து, ஏரியை ஒரே இரவில் கொதிக்க வைத்து ஆவியாக்கியது. அக்கா தங்கை சண்டை இன்னும் தீரவில்லை.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். மண்.

கோனாவில் 1801இன் கல் இன்னும் மொட்டையாகக் கிடக்கிறது என்றேன். ஹீலோ பக்கம் அதைவிட இளைய குழம்பு ஆளுயரக் காடாகியிருக்கிறது. ஒரே தீவு, ஒரே கல். வித்தியாசம் மழை. கடற்காற்று கிழக்கிலிருந்து வந்து மலையில் மோதி ஹீலோவில் ஆண்டுக்கு மூன்று மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கோனா விமான நிலையத்தில் அரை மீட்டர் பெய்தால் அதிகம். கல்லை மண்ணாக்குவது வெறும் காலம் என்று நினைத்திருந்தேன். காலம் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது போல.

கலபானாவில் ஒரு வெடிப்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம். கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்த மாதிரி ஒரு படலம். அதுதான் முதல் குடி, கற்பாசி. வெடிப்புக்குள் விரல் அகலத்தில் ஈரம், அதில் ஒரு பெரணி. அதற்கு ஒரு முழம் தள்ளி, இடுப்பளவு ஓஹியாச் செடி, தோல் மாதிரி தடித்த இலை, உச்சியில் நூல் குஞ்சம் போலச் சிவப்புப் பூ. வெறுங்கல்லில் முதலில் வரும் மரம் ஓஹியாதான். வேர் ஈரம் தேடி வெடிப்புக்குள் எவ்வளவு ஆழமும் இறங்கும். மாமா சுண்டுவிரலை வெடிப்புக்குள் விட்டுத் துழாவினார். விரல்நகத்தில் வந்தது ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி. இலைச் சருகு, தூசி, பொடிந்த கல். "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு ஒரு சிட்டிகை," என்று அதை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்துவிட்டு அதே வெடிப்பில் தட்டிவிட்டேன்.

மறுமுனையில் கவாயி. அங்கே மண் முற்றிவிட்டது. ஐம்பது லட்சம் ஆண்டு மழை கல்லிலிருந்த சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்து எல்லாவற்றையும் கழுவிக் கடலில் சேர்த்துவிட்டது. மிஞ்சியது இரும்புத் துரு. அதுதான் வேட்டிக் கறை. அப்புறம் அங்கே காடு எதைத் தின்று பச்சையாக நிற்கிறது? 1999இல் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. சுண்ணாம்புச் சத்து போன்றவை கடல் தெளிப்பிலிருந்து மழையோடு வருகின்றன. மணிச்சத்து மத்திய ஆசியப் பாலைவனங்களிலிருந்து புழுதியாக, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காற்றில் பறந்து வருகிறது. ஆண்டுக்கு வருவது துளித் துளி. கல் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு அந்தத் துளியில்தான் காடு நிற்கிறது. ஹவாய்க் கல்லில் இல்லாத குவார்ட்ஸ் என்ற படிக மணல் அந்த மண்ணில் இருப்பது இதற்குச் சாட்சி.

ஹவாய்க் கல்லில் இல்லாத இன்னொன்றும் கவாயிக்கு ஆசியாவிலிருந்து வந்திருக்கிறது. வைலுவா ஆற்றோரம், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் வழிவந்த சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் அமைத்த மடத்தில், இறைவன் கோயில். வடிவமைத்தவர் மாமல்லபுரத்துக் கணபதி ஸ்தபதி. பெங்களூருக்குப் பக்கத்தில் 1990 முதல் சிற்பிகள் உளியால் கையாலேயே செதுக்கிய வெள்ளைக் கிரானைட், துண்டு துண்டாகக் கப்பலேறிப் போய்க் கோயிலானது. கும்பாபிஷேகம் 2023 மார்ச்சில். கடல் நடுவே இப்படி முளைக்கும் தீவில் கிரானைட் உண்டாவதில்லை. அதற்குக் கண்டத்தின் பழைய ஓடு உருகி உருகித் தேற வேண்டும். மாமா தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பூக்களின் விளிம்பில் நகத்தை ஓட்டினார். "மெஷின் வெக்கலடா," என்று என் காதில் சொன்னார், யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவது போல. அடித்தளம் இரும்புக் கம்பியே இல்லாத, நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட் பாளம். ஆயிரம் ஆண்டு தாங்க வேண்டும் என்று போட்டது. கம்பி இருந்தால் துருப்பிடித்து வெடிக்கும், அதனால் இல்லை. அதைக் கேட்டு மாமா தலையை ஆட்டிய ஆட்டலை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

அந்தக் கல் ஆயிரம் ஆண்டு தாங்கும். தீவு அதைவிட நீண்ட கணக்கில் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. சூடான இடத்தை விட்டு விலக விலகக் கடல்தளம் ஆறித் தாழ்கிறது, மழை மேலே அரிக்கிறது. இன்னும் சில கோடி ஆண்டில் கவாயியும் குரே மாதிரி ஒரு பவள வளையம். லட்சத்தீவையும் மாலத்தீவையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அவையும் ரீயூனியன் தீவுக்கடியில் இருக்கும் இன்னொரு ஊசி போட்ட பழைய தையல்தான். இந்தப் பக்கமோ, பெரிய தீவின் தென்கிழக்கே முப்பது சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில், தண்ணீருக்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில் அடுத்தது தலையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. லோயிஹி என்றிருந்த பெயரை 2021இல் கமாஎஹுவகனலோவா என்று பழைய பெயருக்கு மாற்றினார்கள். மாமா மூன்று முறை முயன்று விட்டுவிட்டார்.

கடைசி நாள் காலையில் ஒரு காட்டுப் பாதை. முகப்பில் இரும்புச் சட்டத்தில் இரண்டு பிரஷ், பக்கத்தில் ஸ்பிரே பாட்டில். செருப்பு மண்ணைத் துலக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓஹியா மரங்களை வாரக் கணக்கில் வாடவைத்துக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய், 2010 வாக்கில் இந்தத் தீவின் பூனா பகுதியில் தெரிந்தது, மண்ணோடு ஒட்டிப் பரவுகிறது. மாமாவின் செருப்பு இடுக்குகளில் கவாயிச் செம்மண் இன்னும் காய்ந்து கிடந்தது. பத்து நிமிடம் தேய்த்தேன். சட்டத்தின் அடியில் சிவப்பாக ஒரு குவியல் விழுந்தது.

மாலையில் காய்மூ. 1990க்கு முன் வளைந்த கறுப்பு மணல் கடற்கரையும் தென்னைகளும் இருந்த இடம். குழம்பு விரிகுடாவையே நிரப்பிவிட்டது. இப்போது சாலை முடியும் இடத்திலிருந்து வெறும் கல்லில் நடந்தால் புதுக்கரை. அங்கே, வழி நெடுக, கல்லுக்குள் தென்னங்கன்றுகள். ஊர்க்காரர்கள் வைத்தவை. ஒவ்வொன்றாக, முளைவிட்ட தேங்காயை வெடிப்பில் வைத்து, சுற்றிலும் கல் அடுக்கி, காற்றுக்கு மறைவு கட்டி. சில காய்ந்துவிட்டன, சில ஆளுயரம், சிலவற்றில் குலை.

மாமா ஒரு சின்னக் கன்றின் முன் குனிந்தார். தேங்காயின் அடியில் கைப்பிடி மண் இருந்தது. எதிரே வந்த அம்மாளிடம் அது எங்கிருந்து என்று நான் கேட்டேன். வீட்டிலிருந்து வாளியில் தூக்கி வருவோம் என்றார். வாளி கையிலேயே இருந்தது.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமா தன் செருப்பைப் பார்த்தார். கழுவி விட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"காலைல அவ்வளவு மண்ண அங்க தட்டி விட்டுட்டு வந்துட்டமேடா."

அது இங்கே கூடாது மாமா, நோய் வரும் என்றேன். "தெரியும்," என்றார். தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கன்றின் மேல் ஊற்றினார். கீழே கல் உறிஞ்சிக்கொண்டதா, ஓட்டைகள் வழியே போய்விட்டதா தெரியவில்லை, நொடியில் காணோம்.